வாசலில் தலை வணங்கியவர்

நேற்று நம் வழக்கறிஞர் சங்க நூலகத்தில் நீங்கள் போட்ட சண்டையை நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நாட்டின் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் அரசின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கலாம் என்பதுதான் பேச்சு. ஒருவர் மேசையைத் தட்டினார். இன்னொருவர் கைப்பேசியில் தீர்ப்பைத் தேடிக்கொண்டே கத்தினார். வாங்கி வைத்த தேநீர் எல்லாம் ஆடை கட்டிப்போயிற்று. எனக்கு எழுந்து வந்து உங்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுக்க வேண்டும்போல இருந்தது. வழக்கோடு வரும் கட்சிக்காரர் யாரும் காசு தராமலே சட்டத்துக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற பிள்ளைகள் இருக்கும்வரை இந்தத் தொழிலுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஆனால் அவ்வளவு பேச்சிலும் ஒருவர்கூடக் கதவைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் எனக்கு வருத்தம். அதிகாரம் எவ்வளவு பெரியது என்று அளந்தீர்கள். அந்த அதிகாரம் ஒரு மனிதனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய பிறகு, அந்தக் கதவுக்குப் பின்னால் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. என் தொழில் வாழ்க்கையிலேயே என் நெஞ்சு அதிகம் படபடத்த நாள் ஒரு மூடிய கதவுக்கு வெளியே, கால் ஆடுகிற ஒரு மர பெஞ்சில் கழிந்த நாள்தான். அதைச் சொல்லாமல் இன்று எனக்கு இருப்புக் கொள்ளாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கடலுக்கு அந்தப் பக்கம் போர் நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் நம் கடற்கரையில் ஒரு டீசல் பீப்பாய் இடம் மாறினாலும் சந்தேகம்தான். உவரிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊர். அங்கே சூசை என்று ஒருவர் இருந்தார். இயந்திரப் படகு ஒன்றுக்குச் சொந்தக்காரர். அவருடைய படகு டீசலைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்ததாகக் காவல் துறைக்கு யாரோ துப்புக் கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சூசை பாளையங்கோட்டைச் சிறைக்குள் போனார்.

தடுப்புக் காவல் எவ்வளவு பயங்கரமான ஆயுதம் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒருவன் செய்ததற்குத் தண்டனை அல்ல அது; இனிமேல் செய்துவிடக்கூடும் என்பதற்காக அடைத்து வைப்பது. சாட்சி, குறுக்கு விசாரணை, ஜாமீன் எதுவும் கிடையாது. ஆட்சியருக்குத் திருப்தி ஏற்பட்டால் போதும், ஓராண்டு உள்ளே. இடையில் ஒரே ஒரு கதவு உண்டு. அதன் பெயர் அறிவுரைக் கழகம். நீதிபதி நிலையில் உள்ள மூன்று பேர் உட்கார்ந்து, இவரை வைத்திருக்கக் காரணம் போதுமா என்று பார்ப்பார்கள். போதாது என்று அவர்கள் சொல்லிவிட்டால் அரசு விட்டே ஆக வேண்டும்.

அந்தக் கதவுக்குள் வக்கீலுக்கு அனுமதி இல்லை. சட்டமே அப்படித்தான். அடைபட்டவர் வேண்டுமானால் ஒரு நண்பரை அழைத்துப் போகலாம். அந்த நண்பர் வக்கீலாக இருக்கக் கூடாது.

சூசைக்கு நண்பராக வந்தது அவருடைய அக்கா ரோசம்மா. கடற்கரையிலிருந்து மீன் எடுத்து, முதல் பஸ் பிடித்து, பாளையங்கோட்டைச் சந்தையில் விற்றுவிட்டு நேராக எங்கள் அலுவலகத்துக்கு வருவார். நான் அப்போது ஜூனியர். என் சீனியர் சுத்த சைவம். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் நிலபுலத்தோடு வாழ்ந்த குடும்பம். ரோசம்மா படியேறுகிற சத்தம் கேட்டதும் கைக்குட்டை மூக்குக்குப் போகும். அவர் இறங்கிப் போனதும் அலுவலகம் முழுக்க ஊதுபத்தி. ஆனால் அந்தம்மாவிடம் ஒரு நாளும் ஒரு காசு வாங்கவில்லை அந்த மனிதர். கட்டணப் பேச்சு வந்தால் கைக்குட்டைக்குள்ளிருந்தே, "அதெல்லாம் பெறவு பாத்துக்கிடலாம்மா, போயிட்டு வாங்க" என்பார்.

ரோசம்மா முதல் நாளே சொன்ன விஷயம் ஒன்றுதான். "வக்கீலம்மா, அவுக சொல்லுத அன்னைக்கு எங்க படகுல எஞ்சினே இல்ல. களத்தி பாளையங்கோட்டை ஒர்க்ஷாப்புல போட்டுருந்தோம். எஞ்சின் இல்லாத படகு எப்படிம்மா கடலுல போவும்?"

இதையே மனுவாக எழுதி அரசுக்கு அனுப்பினோம். பரிசீலிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போடலாம்போல இருந்தது. சீனியர் அதை வாங்கி பத்திரமாகக் கோப்பில் கோத்தார்.

சூசையைச் சிறையில் போய்ப் பார்ப்பது என் வேலை. கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். "காத்து எப்படி இருக்கு வக்கீலம்மா?" என்பார். நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த வாத்தியார் வீட்டுப் பெண். எனக்குக் காற்று என்றால் மின்விசிறிதான். முதல் தடவை திருதிருவென்று முழித்தேன். அந்த முகம் வாடிப்போனதைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு முறை போவதற்கு முன்னும் ரோசம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் போனேன். "கச்சான்னு சொல்லுங்க. மேக்க இருந்து நல்லா அடிக்கி. கடலு கிடந்து குதிக்குன்னு சொல்லுங்க." நான் ஒப்பிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு வருசமெல்லாம் என்னால இதுக்குள்ள கெடக்க முடியாதும்மா. கிறுக்குப் புடிச்சிரும். இப்பமே ராத்திரிக்கும் பகலுக்கும் வித்தியாசம் தெரிய மாட்டேங்கி." அவர் அழவில்லை. வெளியே வந்து நான்தான் அழுதேன்.

அறிவுரைக் கழகம் வழக்கமாகச் சென்னையில் கூடும். அந்த முறை ஒரே சமயத்தில் பலர் அடைபட்டிருந்ததால் கழகமே இறங்கி வந்து பாளையங்கோட்டையில் ஓர் அரசுக் கட்டடத்தில் உட்கார்ந்தது. ரோசம்மாவுக்கு நான் மூன்றே மூன்று வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தேன். தம்பி நிரபராதி என்று ஒன்று, எஞ்சின் பழுதில் இருந்தது என்று ஒன்று, விடுவிக்க வேண்டுகிறேன் என்று ஒன்று. அவர் அதை நான்கு விதமாகச் சொல்லிக் காட்டினார், நான்கும் வேறு வேறு மூன்று வாக்கியங்களாக இருந்தன. அன்று காலையும் கையில் ஓலைப்பெட்டி. மேலே துணி போட்டு மூடியிருந்தது. "இன்னைக்குமா சந்தைக்குப் போனீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். வாசலில் நின்ற காவலர் பெட்டிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனவர், போன வேகத்திலேயே திரும்பி, போங்க போங்க என்று கையை ஆட்டிவிட்டார்.

சீனியரும் நானும் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கருப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக, உள்ளே போக உரிமை இல்லாத இரண்டு வக்கீல்கள். சூசையைக் காவலோடு அழைத்து வந்து உள்ளே விட்டார்கள். பின்னாலேயே ரோசம்மா பெட்டியோடு போனார். கடைசியாக, "துறை அலுவலர்கள் வரலாம்" என்று சேவகர் கூப்பிட்டார்.

இரண்டு பேர் வந்தார்கள். முதல் ஆள் காவல் துறை அதிகாரி. வாசலில் விறைத்து நின்று சல்யூட் அடித்துவிட்டு உள்ளே போனார். இரண்டாவது ஆள் வெளிர்நீல அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் கோப்போடு சாதாரண குமாஸ்தாபோல வந்தார். நான் அவரை முன்பின் பார்த்ததில்லை. அவர் நிலைப்படிக்கு வந்ததும் ஒரு கணம் நின்றார். உள்ளே பார்த்துத் தலையைப் பாதி வணங்கினார். இடது கை தானாகக் கழுத்துக்குப் போய், அங்கே இல்லாத ஒன்றைச் சரிசெய்தது.

எனக்கு முதுகில் ஐஸ் வைத்ததுபோல இருந்தது!

பிள்ளைகளே, நாம் ஒவ்வொரு நாளும் அதைத்தானே செய்கிறோம்? கோர்ட் வாசலில் நின்று இருக்கையை நோக்கித் தலை வணங்குவோம். நீதிபதி உட்கார்ந்திருக்கிறாரா என்றுகூடப் பார்ப்பதில்லை. கை பாட்டுக்குக் கழுத்துப்பட்டைக்குப் போய்விடும். போலீஸ்காரர் சல்யூட் அடிப்பார். வருவாய்த் துறைக்காரர் கும்பிடுவார். நிலைப்படியில் நின்று பாதித் தலை வணங்கிக் கழுத்தைத் தொடுகிற ஜாதி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். சட்டையை மாற்றிக்கொண்டு வந்த மனிதருக்கு, பல வருட வழக்கத்தை மாற்றிக்கொண்டு வரத் தெரியவில்லை.

"சார், உள்ள போனது வக்கீல்" என்று சீனியரின் கையைப் பிடித்துக் கிட்டத்தட்ட உலுக்கினேன். நான் கண்டதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அரசுத் தரப்பு சட்டம் தெரிந்த ஆளை உள்ளே வைத்துக்கொண்டால், அடைபட்டவருக்கும் வக்கீலை அனுமதித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது. இந்த ஒரு குறை போதும், ஆணை உடைந்துவிடும். நான் எழுந்தேன். அவர் என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"இரும்மா. பைய இரு. வாயே தொறக்காத. அந்த ஆளு உள்ளேயே இருக்கட்டும். இது முடியட்டும். நேரா மெட்ராசு உயர் நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போடுவோம். இது ஒண்ணு போதும். கண்ண மூடிக்கிட்டு ஜெயிப்போம்."

"எப்ப சார் ஜெயிப்போம்?"

"வரிசை வரும்போது ஜெயிப்போம். நாலு மாசம், அஞ்சு மாசம் ஆவும். இப்ப போயி நீ கதவத் தட்டுனா அந்த ஆளை வெளிய அனுப்பிட்டு குறையைச் சரி பண்ணிருவாவ. கையில கெடச்ச துருப்புச் சீட்ட நாமளே கிழிச்சுப் போடுத மாதிரி ஆயிரும்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நன்றாகக் கவனியுங்கள். புத்தகப்படி, தந்திரப்படி, வழக்கை வெல்வதற்கு அதுதான் வழி. ஆனால் எனக்கு அப்போது காதில் கேட்டதெல்லாம் 'காத்து எப்படி இருக்கு வக்கீலம்மா' என்கிற குரல்தான். நான்கு மாதத்துக்குப் பிறகு வெல்லும்போது அந்த மனிதரிடம் அதைக் கேட்க மனம் மிச்சம் இருக்குமா? அப்புறம் இன்னொரு எண்ணமும் வந்தது. உள்ளே ரோசம்மா தனியாக இருக்கிறார். அவருக்கு எதிரே இருப்பவர் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது.

கோட்டை விடுவித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். முதுகுக்குப் பின்னால் சீனியர், "அடப்பாவி" என்றது கேட்டது.

கதவு திறந்தது. நடுவில் கழகத் தலைவர். என் கோட்டைப் பார்த்ததும் புருவம் நெரிந்தது. "வழக்கறிஞர்களுக்கு இங்கே அனுமதி இல்லை என்று தெரியும் அல்லவா?"

"தெரியும் ஐயா. நான் உள்ளே வரக் கேட்கவில்லை. உள்ளே இருக்கிற வழக்கறிஞரைப் பற்றிச் சொல்ல வந்தேன்." என் குரல் எனக்கே அந்நியமாக, உரக்கக் கேட்டது.

காவல் அதிகாரி பாய்ந்து எழுந்தார். "அவர் துறையைச் சேர்ந்தவர் ஐயா. விவரம் சொல்வதற்காக வந்திருக்கிறார்."

"அவரையே கேளுங்கள் ஐயா" என்றேன். வேறு என்ன சொல்வது? என்னிடம் இருந்த ஆதாரமெல்லாம் பாதித் தலை வணக்கமும் ஒரு கை அசைவும். அந்த மனிதர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னை அங்கேயே கண்டித்து வெளியே அனுப்பியிருப்பார்கள்.

தலைவர் திரும்பினார். நீலச் சட்டைக்காரர் மெதுவாக எழுந்தார். இடது கை மறுபடியும் கழுத்துக்குப் போயிற்று. இம்முறை அது எங்கே போகிறது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. பாதி வழியில் நின்றது. "நான் வழக்கறிஞர்தான், மை லார்ட்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த மனிதரை இன்றுவரை மதிக்கிறேன். சட்டையில் பொய் சொன்னவர், இருக்கையைப் பார்த்துப் பொய் சொல்லவில்லை.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. அதிகாரியை ஒரு பார்வை பார்த்தார், அவர் உட்கார்ந்தே விட்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "இரண்டு வழி இருக்கிறது. அவர் இருக்கட்டும், நீங்களும் வாருங்கள். அல்லது இரண்டு பேரும் வெளியே இருங்கள். எது வேண்டும்?"

பெருமை யாரை விட்டது? வக்கீல்கள் மிதிக்க முடியாத அறைக்குள் வக்கீலாகவே நடந்து போகலாம். ஊரெல்லாம் பேசும். கால் ஒரு அடி முன்னே போகத் தயாராகிவிட்டது. ஆனால் அந்த ஒரு மூச்சுக்குள் எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இவரும் நானும் உள்ளே இருந்தால், ஆட்சியரின் திருப்தியை ஆராயலாமா கூடாதா என்று தீர்ப்புகளை எடுத்து ஒருவர் மீது ஒருவர் வீசிக்கொண்டிருப்போம். கழகம் சட்டத்தைப் பேசும். நாங்கள் இரண்டு பேரும் இல்லாவிட்டால் கழகம் படகைப் பேசும். எனக்கு வேண்டியது படகு.

"இரண்டு பேரும் வெளியே இருக்கிறோம் ஐயா" என்றேன்.

ரோசம்மா திரும்பி என்னைப் பார்த்தார். 'என்னைத் தனியா விட்டுட்டுப் போறீயளா' என்று கேட்பார் என்று பயந்தேன். "நீங்க போங்க வக்கீலம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

பெஞ்சில் இப்போது மூன்று பேர். ஒரு முனையில் என் முகத்தைப் பார்க்காமல் சீனியர். "ஜெயிச்ச கேஸத் தூக்கி அவுக கையில குடுத்துட்டாளே" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் நீலச் சட்டைக்காரர். நடுவில் நான். தப்புச் செய்துவிட்டேனோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். துருப்புச் சீட்டும் போயிற்று, உள்ளே போகும் வாய்ப்பும் போயிற்று. இனி எல்லாம் மூன்று வாக்கியத்தை நான்கு விதமாகச் சொன்ன ஒரு பெண்ணின் வாயில் இருந்தது.

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று நீலச் சட்டைக்காரர் மெல்லக் கேட்டார்.

சொன்னேன். அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னதான் நெஞ்சு படபடத்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அப்போதுதான் உள்ளே 'ணங்'கென்று ஒரு சத்தம். மேசை மீது கனமான இரும்பை வைத்த சத்தம். மூன்று பேரும் துள்ளி எழுந்தோம். தொடர்ந்து ரோசம்மாவின் குரல், மீன் சந்தையில் கேட்கிற அதே குரல், கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது.

"இதான்யா எங்க எஞ்சினோட ஹெட்டு! எஞ்சின் இன்னும் ஒர்க்ஷாப்புலதான் கெடக்கு. இத மட்டும் காலையில எடுத்து பெட்டியில வச்சுக் கொண்டாந்தேன். இது இல்லாம எம் தம்பி படகு கரைய விட்டு ஒரு முழம் நவுருமாய்யா? அன்னைக்கு யாராச்சும் எங்க படக வந்து பாத்தாவளா, அதச் சொல்லச் சொல்லுங்க!"

மூன்று வாக்கியத்தில் ஒன்றுகூட அதில் இல்லை. பெட்டிக்குள் இரும்பு இருந்தது எனக்கே தெரியாது. சந்தையில் கட்டுகிற மீன் துணியால் மூடியிருந்ததால் மீன் என்றே நினைத்திருந்தேன்.

பிறகு தலைவர் கேட்ட கேள்வி தெளிவாகக் கேட்டது. "படகை யாராவது நேரில் போய்ப் பார்த்தீர்களா?" அதிகாரி ஏதோ முணுமுணுத்தார். படகின் பெயரை வைத்து அடையாளம் கண்டதாகச் சொன்னார் என்று பின்னால் தெரிந்தது. உடனே ரோசம்மா, "அந்தோனியாரு பேரா? எங்க கரையில பாதிப் படகுக்கு அந்தப் பேருதான்யா!" என்றார். உள்ளே யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

நீலச் சட்டைக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் உள்ளே இருந்திருந்தால், படகைப் பார்த்தீர்களா என்கிற கேள்வியை எழவே விட்டிருக்க மாட்டேன்" என்றார். "ஆட்சியரின் திருப்திக்குள் போக முடியாது என்று முதலிலேயே எழுந்து நின்றிருப்பேன்."

என் சீனியர் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கதவு திறந்து ரோசம்மா பெட்டியோடு வெளியே வந்தபோது அந்தக் கைக்குட்டை மூக்குக்குப் போகவில்லை. எழுந்து நின்று, "அந்தப் பெட்டிய இங்கன வைங்கம்மா, கனமா இருக்கும்" என்று கையை நீட்டி வாங்கினார்.

சில வாரங்களில் கழகத்தின் அறிக்கை போயிற்று. அடைத்து வைக்கப் போதிய காரணம் இல்லை. அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது.

உங்கள் வாதத்துக்குத் திரும்பி வருகிறேன். நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லையோர மாவட்டத்து ஆட்சியரின் நாற்காலியில் உட்கார்ந்தால் உங்களுக்கும் இரவில் தூக்கம் வராது. சட்டங்களின் பெயர்கள் மாறும், நாளைக்குப் புதிதாக ஒன்று வரும், அதற்கும் நீங்கள் மேசையைத் தட்டுவீர்கள், தட்டுங்கள். ஆனால் உங்களிடம் ஒரு சூசை வரும்போது, சட்டம் செல்லுமா செல்லாதா என்பதோடு நின்றுவிடாதீர்கள். கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். படகை யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்க ஒருவருக்கு வழி விடுங்கள். அந்த ஒருவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். அதற்காக வெளியே போய் உட்கார வேண்டியிருந்தால் உட்காருங்கள்.

சூசை விடுதலையான நாள் காலையில் ரோசம்மாவிடம் வழக்கம்போலக் கேட்டு வைத்துக்கொண்டேன். கச்சான், ஆனால் இறங்கு முகம், கடல் சமாதானம் ஆகிக்கொண்டு வருகிறது. அதை மனப்பாடம் செய்துகொண்டு சிறை வாசலில் நின்றேன். சின்னக் கதவு திறந்தது. சூசை குனிந்து வெளியே வந்தார். வெயிலில் கண் கூச அப்படியே நின்றார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதிரே வேப்பமரத்துக் கிளைகள் ஆடிக்கொண்டிருந்தன.

நான் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"சொல்லாதீய வக்கீலம்மா" என்றார். முகத்தை மேற்கே திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். "நானே பாத்துக்கிடுதேன்."